படி தாண்டி வந்த வைத்தியம்

வேலூரைப் பற்றி ஜனங்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தெய்வம் இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அவ்வூரில் இல்லாதவற்றையெல்லாம் வரிசையாக அடுக்கிச் சொல்லுவார்கள். இந்த ஜாபிதாவில் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981-ம் வருஷம் மறுபடியும் லிங்கப் பிரதிஷ்டை நடந்து, பல தலைமுறைகளாக வெறிச்சோடிக் கிடந்த கர்ப்பக்கிருகத்துக்குத் தெய்வம் திரும்பி வந்துவிட்டது. பாக்கி விஷயங்களில் வேலூர் தன் பழைய பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறது. நல்ல மழை பெய்த வருஷங்கள் நீங்கலாக, பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து நாம் காண்பது மணல்தான். சுற்றிலும் உள்ள குன்றுகளோ பாறையும் புதருமாக வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஆனால், இல்லாதவற்றைக் கணக்கெடுத்தவர்கள் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். காட்பாடி ஜங்ஷனில் வடக்கேயிருந்து வரும் ரயில் ஒன்று வந்து நிற்கும் சமயத்தில் பிளாட்பாரத்தில் சற்று நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும், அஸ்ஸாமிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருப்பார். இன்னொருவர் கையில் எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். ஊருக்குள் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள வீதிகளிலே விடுதிகளின் பெயர்ப் பலகைகள் வங்காள எழுத்திலும் ஹிந்தியிலும் தொங்குகின்றன. இட்லிக் கடைக்குப் பக்கத்திலேயே கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் மணம் வருகிறது. ஆயிரம் மைலுக்கு மேல் பிரயாணம் செய்து ஜனங்கள் இந்த வெயில் ஊருக்கு வருவது கோட்டையைப் பார்ப்பதற்காக அல்ல.

நாம் சென்றதும் கோட்டையைப் பார்ப்பதற்காக அல்ல. 1806-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வீர வரலாற்றை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. மருந்து என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது, வைத்தியரும் இருக்கிறார், அப்படியிருந்தும் சிலருக்கு மாத்திரம் அது ஏன் எட்டாமலே போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் வேலூரைவிடச் சிறந்த ஊர் நமக்குத் தெரியவில்லை.

நம்முடன் ஒரு நண்பரும் வந்திருந்தார். சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு இரண்டு கால்களும் வலுவிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கணக்கர் உத்தியோகம் பார்த்து, இரண்டு பெண்களுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவர். அவருடன் ஊர் சுற்றுவது ஒரு தனிப் படிப்பு. "நீங்கள் கட்டிடத்தின் முகப்பைப் பார்க்கிறீர்கள், நான் அதன் வாசற்படியைப் பார்க்கிறேன்" என்றார் அவர். அன்று முழுதும் நாமும் வாசற்படிகளையே பார்த்துக்கொண்டு போனோம்.

வேலூர் ஆஸ்பத்திரியின் கதையும் ஒரு வாசற்படியில்தான் ஆரம்பமாகிறது. ஐடா ஸ்கட்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1870-ம் வருஷம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பாதிரியாராகவும் டாக்டராகவும் திண்டிவனத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஓர் இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருந்தனர். டாக்டர் வீட்டிலேதான் இருந்தார். ஆனால் அவர் ஆண்மகன். அந்நிய ஆண் வந்து தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை. ஐடாவைத்தான் அழைத்தார்கள், அவரோ வைத்தியம் படிக்காத சிறு பெண். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊரில் மருந்துக்குப் பஞ்சம் இல்லை, டாக்டருக்கும் பஞ்சம் இல்லை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு வாசற்படி இருந்தது. அதை இந்தப் பக்கத்திலிருந்தும் தாண்ட முடியவில்லை, அந்தப் பக்கத்திலிருந்தும் தாண்ட முடியவில்லை. 'படி தாண்டாதவள்' என்று பெண்ணைப் புகழ்ந்த நாடல்லவா நம்முடையது? அந்தப் புகழ்ச்சியின் விலை சில வீடுகளில் உயிராகவே இருந்தது.

ஐடா அமெரிக்காவுக்குச் சென்று, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ம் வருஷம் வேலூருக்குத் திரும்பினார். ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கிற்று. 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவர்களைத் தேடி மாட்டு வண்டியிலும், பிறகு மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் அவர் போவார். மர நிழல்களில் வண்டி நிற்கும். ஜனங்கள் அங்கே காத்திருப்பார்கள். 1918-ல் பெண்களை டாக்டர்களாக்கும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். அதுதான் இன்று கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. முதற்படி இவ்வாறு தாண்டப்பட்டது.

இரண்டாவது படி இன்னும் உயரமானது. குஷ்டரோகம் கண்டவர்களுக்கு ஊரிலே இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பொது ஆஸ்பத்திரிகளிலும் அவர்களுக்கு இடமில்லாத காலம் ஒன்று இருந்தது. அவர்களைப் படுக்கையில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிப்போய்விடுவார்கள் என்று பயந்தார்கள். ஆகவே கை முறிந்தால் கட்டுவதற்கும், கண் போனால் பார்ப்பதற்கும் அவர்கள் போகத்தக்க இடமே இருக்கவில்லை. கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, இங்கிலாந்தில் சத்திர சிகிச்சை பயின்ற டாக்டர் பால் பிராண்டு என்பவர் 1946-ல் வேலூருக்கு வந்தார். செங்கற்பட்டுக்கு அருகேயிருந்த குஷ்டரோக நிலையத்தைப் பார்க்கப் போனவர், அங்கிருந்தோருடைய மடங்கிப்போன விரல்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைகளைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?" என்று விசாரித்தார். அநேகமாக யாரும் ஆராயவில்லை என்று தெரிந்தது.

அவர் கண்டுபிடித்த விஷயம் வெகு எளிமையானது. குஷ்டரோகத்தில் விரல்கள் தாமாக உதிர்ந்துபோவதில்லை. நரம்புகள் கெட்டு வலி தெரியாமற் போய்விடுகிறது. வலி தெரியாத கை சுடு பாத்திரத்தைப் பற்றுகிறது, வெட்டுக் காயத்தைக் கவனியாமல் விடுகிறது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை யாராலும் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி முறுக்கித் திறந்துவிட்டான். அவனுடைய விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. இரவில் தூங்கும்போது எலிகள் வந்து விரலைக் கடித்தாலும் அவர்கள் விழித்துக்கொள்வதில்லை என்பதைக் கண்டு, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம்! இப்படியும் ஒரு வைத்தியம் உண்டென்று எந்த வைத்திய நூலில் எழுதியிருக்கிறது?

கெட்டுப்போன தசைக்குப் பதிலாக நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால் மடங்கிய விரல் நிமிரும் என்பதை அவர் செய்து காட்டினார். புண் பட்ட பாதங்களுக்கென்று மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் உருவாயின. வேலூரிலிருந்து சில மைல் தூரத்தில் கரிகிரி என்னுமிடத்தில் 1955-ல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நிமிர்ந்த விரல் பேனாவைப் பிடிக்கும், உளியைப் பிடிக்கும். ஆனால், கையைக் கண்டதும் ஒதுங்குகிற ஊர் அந்த மனிதனுக்கு வேலை கொடுக்குமா? ஆகவே தச்சு வேலையும் கற்றுக் கொடுத்தார்கள். சத்திர சிகிச்சை கத்தியோடு முடிவதில்லை. அந்த மனிதன் சம்பாதித்துச் சாப்பிடும்போதுதான் முடிகிறது என்பது வேலூரில் கற்ற இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர் நாற்காலியில் அமர்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார். கொச்சிச் சீமையில் 1925-ல் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலூரிலேயே வைத்தியம் பயின்றவர். 1954-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தோழர்களுடன் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, முதுகுத்தண்டு பழுதடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. வேறு யாராயிருந்தாலும் அத்துடன் ஒரு டாக்டரின் கதை முடிந்தது என்று எழுதியிருப்பார்கள். ஆனால், கை விரல்களுக்குச் செய்யும் சத்திர சிகிச்சையை டாக்டர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியை மேஜையருகே நகர்த்தி, குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அவர் நிமிர்த்தலானார். படுக்கையிலிருந்து அண்ணாந்து பார்த்த நோயாளிக்குத் தன்னைவிட அதிகம் இழந்த ஒருவர் தனக்குச் சிகிச்சை செய்வது தெரிந்தது. அந்தக் காட்சி ஒன்றே பாதி மருந்து என்று நாம் எண்ணுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் தமக்கே சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம் புனர்வாழ்வு வைத்தியத்தை முறையாகப் பயின்று திரும்பினார் மேரி வர்கீஸ். 1966-ல் வேலூருக்குத் தெற்கே பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-ல் அவர் காலமானார். நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்படிப்பட்ட நிலையத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். மரத்திலிருந்து விழுந்தவர், லாரி மோதியவர், கிணற்றில் தவறி விழுந்தவர் என்று முதுகுத்தண்டு பழுதானவர்கள் வருகிறார்கள். போன கால்களைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் அவர்களைக் கொல்வது கால் இல்லாமை அல்ல. ஒரே பக்கமாக உட்கார்ந்தோ படுத்தோ இருந்தால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நின்று புண் உண்டாகும். வலி தெரியாததால் புண் எலும்பு மட்டும் போய்விடும். மூத்திரப் பை சரியாகக் காலியாகாமல் விஷம் ஏறும். முற்காலத்தில் இவ்விரண்டினாலேயே பலர் மாண்டார்கள். ஆகவே கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்ளவும், படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே நகரவும், மூத்திரப் பையைத் தாமே கவனித்துக்கொள்ளவும் கற்பிக்கிறார்கள். கூட வந்த மனைவியும் தாயும் இதே பாடங்களைப் படிக்கிறார்கள். செயற்கைக் கால்களும், காலுக்குத் தாங்கு கம்பிகளும் பட்டறையில் தயாராகின்றன. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் ஆண்டுக்கொரு முறை திரும்பி வந்து கூடும் மேளாவும் நடப்பதுண்டு. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதைத் திருவிழாவாகக் கொண்டாடும் ஜனங்களை வேறெங்கே காண முடியும்?

நண்பர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் ஊருக்குத் திரும்பிப் போனால் எனக்கு ஜுரம் வரக்கூடாதா? பல் வலி வரக்கூடாதா?" என்று கேட்டார். நமக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். கால்களுக்கு வேண்டிய வைத்தியம் பெரிய ஊரில் கிடைக்கிறது. ஆனால் கால் இல்லாதவனுக்கும் மற்றவர்களைப் போலவே சர்க்கரை வியாதி உண்டு, இரத்தக் கொதிப்பு உண்டு, கண் மங்கும், பல் ஆடும். அதற்கெல்லாம் தெருக் கோடியிலுள்ள டாக்டரிடந்தான் போக வேண்டும். அந்த டாக்டரோ மாடியில் இருக்கிறார்!

தம் அநுபவங்களை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்; நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஆஸ்பத்திரியில், நடக்க முடியாதவர் என்று சான்றிதழ் வாங்குவதற்காக அவரை இருவர் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்களாம். இன்னோர் இடத்தில் டாக்டர் அவரை ஏறிட்டும் பார்க்காமல், நாற்காலியைத் தள்ளி வந்த பையனைப் பார்த்து, "இவருக்கு என்ன உடம்புக்கு?" என்று விசாரித்தாராம். "எனக்குக் காலில்தான் பலமில்லை, நாக்கு நன்றாகவே இருக்கிறது என்று சொன்னேன்" என்றார். எடை பார்க்கும் கருவியின் மேல் நின்றால்தான் எடை தெரியும். நிற்க முடியாதவருக்கு உத்தேசமாக எழுதிவிடுகிறார்கள். மருந்தின் அளவு அந்த உத்தேசத்தின் மேல் நிற்கிறது. பரிசோதனை மேஜை மார்பு உயரம் இருக்கிறது. ஸ்திரீகளின் கதி இன்னும் மோசம். அந்நியர் தூக்கி மேஜைமேல் கிடத்துவதற்குக் கூசி, பரிசோதனையே வேண்டாமென்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. திண்டிவனத்து வாசற்படி இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை! காது கேளாதவருக்கு டாக்டரின் உதடுகள் முகமூடிக்குள் மறைந்திருக்கின்றன. கண் தெரியாதவருக்கு மருந்துச் சீட்டு வெறும் காகிதம்.

இது நம் நண்பர் ஒருவருடைய குறை மாத்திரமா? 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேர் ஏதேனும் ஓர் ஊனத்துடன் வாழ்பவர்கள்; நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், உலக ஜனங்களில் ஆறு பேருக்கு ஒருவர் இத்தகையவர் என்றும், இவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 வருஷம் வரை முன்னதாகவே மடிகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறது. இருபது வருஷம் என்பது ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து கல்லூரியில் படிக்கிற காலம். அவ்வளவையும் ஊனம் மட்டுமே பறித்துக்கொண்டு போகவில்லை; அதில் ஒரு பங்கு படிக்கட்டுக்கும் உண்டு.

சட்டத்தில் குறையில்லை. தரித்திரரான குஷ்டரோகிகளைப் பிடித்து அடைத்து வைக்க இடங்கொடுத்த 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. அதே 2016-ல் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறிற்று. குஷ்டரோகம் குணமானவர்களும் அதன் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்ல வழி இருக்க வேண்டும். பார்ப்பதிலும் சிகிச்சையிலும் இவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச வைத்தியம் வேண்டும் என்று அச்சட்டத்தின் 25-ம் பிரிவு சொல்லுகிறது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும், இவ்விஷயத்தில் விதிகள் வெறும் யோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் செய்தது. பழைய இழிபெயர்களை விட்டு, மாற்றுத் திறனாளி என்று மரியாதையாக அழைக்கவும் நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். பெயர் மாறிவிட்டது, படி மாறியதா என்பதுதான் கேள்வி.

பழைய மாட்டு வண்டியின் வழியில் நல்ல காரியமும் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி வைத்தியமும் வீட்டிலேயே நடக்கிறது. படி ஏற முடியாதவரிடம் வைத்தியம் படி இறங்கி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், வீடு தேடி வரும் மாத்திரை ஆஸ்பத்திரிக் கதவுக்கு ஈடாகிவிடாது. எக்ஸ்ரே இயந்திரமும் பிரசவ அறையும் வீட்டுக்கு வருவதில்லை.

விலைமதிப்பற்ற சாதனம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை என்பதை நண்பர் திரும்புகையில் கணக்குப் போட்டே காட்டினார். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்வுப் பாதை வேண்டும், அதுதான் விதி. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் ஒன்றரை அடி உயரம். பதினெட்டு அடி நீளத்துக்குச் சிமெண்டுப் பாதை. நம் ஊரில் கட்டிடம் கட்டுகிறவர்கள் அதையே ஐந்தடியில் செங்குத்தாக முடித்துவிட்டு, 'சாய்வுப் பாதை போட்டாகிவிட்டது' என்று கணக்கு எழுதிவிடுகிறார்கள். அதில் ஸ்கூட்டர் ஏறும். சக்கர நாற்காலி ஏறாது. ஏறினால் பின்பக்கமாகக் கவிழும்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். அடுத்த முறை உங்கள் குடும்ப டாக்டரிடம் போகும்போது ஒரு அளவு நாடாவையும் எடுத்துப் போங்கள். வாசற்படியின் உயரத்தை அளந்து, பன்னிரண்டால் பெருக்கி, அவ்வளவு நீளத்துக்கு முன்புறத்தில் இடமிருக்கிறதா என்று பார்த்து, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இதுவரை அவரிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். படி ஏற முடியாதவர் உள்ளே வந்து சொல்ல முடியாதல்லவா?